பேர் கொடுத்தவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஓசூரில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஸ்டோர்காரர் என்றுதான் சொல்வார்கள். வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ரிட்டையர் ஆகும் வரைக்கும் ஸ்டோர் பார்த்தவர். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

முதன்முதலில் அவரைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடம், அரசு ஆஸ்பத்திரியில் பிணவறை வாசல். நோயாளிகளோடு தங்கியிருப்பவர்களுக்குக் காலையில் கேழ்வரகுக் கஞ்சி ஊற்றுகிற தொண்டு ஒன்றை ஒரு டிரஸ்ட் நடத்திக்கொண்டிருந்தது. நான் அதில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சம்பளம் கிடையாது. என் கஞ்சியைக் குடித்தவர்கள் மறுநாளும் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அது.

அன்று பிணவறையில் ஒரு பையன் கிடந்தான். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவன். கூட்டிவந்த காண்ட்ராக்டர் போனை அணைத்துவிட்டான். உடம்பை வாங்கி அடக்கம் செய்ய யாராவது ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும். கூடியிருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் சட்டைப்பையில் பேனா செருகிய ஒல்லியான மனிதர் ஒருவர் போலீஸ்காரர் முன்னால் போய் நின்றார்.

“என் பேரைப் போட்டுக்கோங்க சார்.”

“நீ யாருய்யா அவனுக்கு?”

“அண்ணன்னு போட்டுக்கோங்க.”

போலீஸ்காரர் நிமிர்ந்து அவர் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். “பையன் ஒடிசா. நீ சர்ச்சுக்குப் போறவன். எங்கிருந்துய்யா அண்ணன் மொளைச்ச?”

“அவங்கம்மா வந்து கேக்கட்டும் சார், எம்பேர அடிச்சிரலாம். அதுவரைக்கும் ஒரு ஆளு வேணுமில்ல?”

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே ‘தெரிந்தவர்’ என்று எழுதினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம். நிலமெல்லாம் கம்பெனியாக மாறிய காலத்தில், ஒரு கட்டைவிரல் ரேகையில் ஒரு காடு கைமாறிப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெருவிரலில் மை காயும் முன்பே அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா சொல்வார்: “சோத்தக் குடு, துணியக் குடு, பேர மட்டும் யாருக்கும் குடுத்துராதே.” அதனாலேயே, எழுத்துக்கூட்டியாவது எழுதக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேனே தவிர என் பெயரை எங்கேயும் எழுதிக் கொடுத்ததில்லை. இந்த மனிதரோ தண்ணீர் மொண்டு ஊற்றுகிற மாதிரி பேரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

போகப்போகத் தெரிந்தது, அவருக்கு அது நோய் மாதிரி. வாடகைப் பாத்திரம் எடுத்தால் அவர் பேர். மண்டபம் பிடித்தால் அவர் பேர். எங்கள் ஊரில் மூன்று பாஷையும் கலந்துதானே ஓடும், அவருக்கு மூன்றும் வரும். தெலுங்குக்காரரிடம் ‘நா பேரு ராசுகோண்டி’ என்பார், கன்னடக்காரரிடம் ‘நன் ஹெசரு பர்கொள்ளி’ என்பார். மூன்றிலும் சொல்வது ‘என் பேரை எழுதிக்கோங்க’ என்பதைத்தான்.

“ஏந்தம்பி, உம்பேரு என்ன கோயில் சுண்டலா, கேக்கறவனுக்கெல்லாம் அள்ளிக் குடுக்கற?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஸ்டோர்ல இருந்தவன் அக்கா. கையெழுத்து இல்லாம ஒரு போல்ட்டு வெளிய போவாது. யாராச்சும் போட்டாத்தான் வேல நடக்கும். எல்லாரும் கைய மடக்கிக்கினா லைன் நின்னுபோயிரும்.”

ஒருமுறை கம்பெனி பஸ் ஒன்று பைக்கில் போனவனை இடித்துவிட்டுப் போய்விட்டது. பைபாஸ் ரோட்டில் ரத்தத்தில் கிடந்தவனை இவர்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார். நான் கஞ்சிப் பானையோடு வாசலில் நின்றிருந்தேன். விசாரிக்க வந்த ஏட்டு நல்ல மனுஷன். “நீங்க பேரு சொல்லணும்னு கட்டாயம் இல்லைங்க. அடிபட்டவங்களத் தூக்கிட்டு வந்தவங்களத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு இப்ப சட்டமே இருக்குது. நீங்க கெளம்புங்க” என்றார்.

சட்டமே போ என்கிறது. இவர் போகவில்லை. “பரவால்லைங்க, எழுதிக்கோங்க” என்று விலாசத்தோடு சொல்லிவிட்டுத்தான் கஞ்சி குடிக்க வந்தார். ஏட்டு என்னைப் பார்த்தார், நான் ஏட்டைப் பார்த்தேன்.

இப்போது ஒரு கண் முகாமின் கதைக்கு வருகிறேன்.

டிரஸ்ட் வருஷத்துக்கு ஒருமுறை இலவசக் கண் முகாம் நடத்தும். பெங்களூரிலிருந்து டாக்டர்கள் வருவார்கள். என் வலது கண்ணில் புரை எடுத்தது அப்படி ஒரு முகாமில்தான். முகாமுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பொறுப்பாளர் என்று உள்ளூர் ஆள் ஒருவர் பேர் கொடுக்க வேண்டும். டிரஸ்டுக்குத் தலைவர் இருந்தார், சொந்தமாகப் பட்டறை வைத்துப் பெரிய ஆளானவர். கமிட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் பொறுப்பாளர் இடத்தில் எப்போதும் ஸ்டோர்காரர் பேர்தான். அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

அந்த வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் புதிதாக சிமெண்டுக் கல் பதித்திருந்தார்கள். பந்தல் போடக் குழி தோண்டக்கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் டிரம்மில் மணலை நிரப்பி அதில் கம்பத்தை நிறுத்தலாம் என்று பேசினார்கள். தலைவர்தான் சொன்னார்: “மணலுக்கு எங்க போறது? நம்ம பட்டறையில லேத்துல சீவின இரும்புச் சுருள் டிரம் டிரம்மாக் கெடக்குது. மணலவிட இரும்பு கனமில்லையா?”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஸ்டோர்காரரும் ஆட்டினார். நான்கூட நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். இரும்பு என்றால் கனம், அதில் யார் சந்தேகப்படுவார்கள்?

கோடையில் பெய்கிற மாங்காய் மழைக்கு முன்னால் அடிக்கிற காற்று எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொண்டு வராது. அன்று முற்பகல், கஞ்சி ஊற்றி முடித்துவிட்டு, இடது கண்ணைக் காட்டலாம் என்று நானும் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். கர்நாடகப் பக்கமிருந்து செம்மண் தூசி சுவர் மாதிரி வந்தது. பந்தல் கூரைத் தகரம் படபடவென்று அடித்தது. எனக்கு எதிரே நின்ற டிரம் மெதுவாகச் சாய்ந்தது. அதிலிருந்து கொட்டிய இரும்புச் சுருள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பிழிந்த முறுக்கு மாதிரி சுருண்டு சுருண்டு, பளபளவென்று, சலசலவென்று. உள்ளே பாதிக்குமேல் வெறும் காற்று. இவ்வளவு லேசான ஒன்றையா நம்பி உட்கார்ந்திருந்தோம்! அதை நினைத்து முடிப்பதற்குள் கம்பம் என் இடுப்பில் விழுந்தது.

மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஸ்டோர்காரர் தகரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு, உள்ளே இருந்தவர்கள் வெளியே வரும் வரைக்கும் நின்றாராம். எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் “யாருங்க பொறுப்பு?” என்று யாரோ கேட்டதும், “என் பேரைப் போட்டுக்கோங்க” என்ற குரலும் மட்டும் காதில் இருக்கிறது.

இடுப்பில் கம்பி வைத்தார்கள். தினமும் காலையில் அவரே கஞ்சி கொண்டுவந்தார்.

“இது கஞ்சியா, செவுத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா?”

“குடிங்க அக்கா. எழுந்து வந்து நீங்க காச்சற வரைக்கும் ஊரே இதத்தான் குடிக்குது.”

“அதான் வார்டுல எவனும் தேறல.”

சிரிப்பார். ஆனால் என் இடுப்பைப் பார்க்கமாட்டார், சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். பிறகு ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. என் மகன் முருகேசனைக் கேட்டேன். அவன் கம்பெனி பேட்ஜைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

“அவரு வரமாட்டாரும்மா.”

“ஏன், ஒடம்பு சரியில்லையா?”

“கேசு குடுத்திருக்கறன்.”

“யார் மேல?”

“டிரஸ்ட்டு மேலதாம்மா குடுத்தன். சத்தியமா டிரஸ்ட்டு மேலதான். அவங்க என்ன சொல்லிட்டாங்கன்னா, அந்தாளு எங்க சம்பளக்காரன் இல்ல, தானா வந்து வேல செய்யற தொண்டரு, அனுமதி அவரு பேர்ல இருக்குது, அவரையே கேட்டுக்குங்கன்னுட்டாங்க. ஸ்டேஷன்ல இப்ப அவரு மேல திரும்பிருச்சு.”

  எத்தனை வருஷம் ‘எங்கள் ஸ்டோர்காரர், எங்கள் ஸ்டோர்காரர்’ என்று மேடையில் துண்டு போர்த்தினார்கள்! ஒரு காற்று அடித்ததும் ‘அந்தாளு’ ஆகிவிட்டார்.

“வாபஸ் வாங்குடா.”

முருகேசன் கெட்டவன் இல்லை. ஷிப்டு மாற்றி, லீவு போட்டு, கடன் வாங்கி என்னைப் பார்த்தவன். அவன் ஒன்றுதான் கேட்டான்: “ஒன் இடுப்புக்கு அப்ப யாரும்மா பதில் சொல்றது?”

 

வாக்கரை ஊன்றி நடக்க முடிந்ததும் ஆட்டோ வைத்துக்கொண்டு ஸ்டோர்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது, ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“வாங்க. எங்களுக்குன்னு இவரு பேரு போட்டது எங்க கல்யாணப் பத்திரிகையில மட்டுந்தான். மத்ததெல்லாம் ஊருக்கு.”

அவர் என் இடுப்பை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தார். “முருகேசு பண்ணது சரிதான் அக்கா. இடுப்பு ஒடைஞ்சா ஒருத்தரு பதில் சொல்லணுமில்ல?”

“அந்த ஒருத்தரு நீயா? டிரம்மு யாருது? யோசன யாருது?”

“நானும் தலையாட்டினன் அக்கா. ஒரே ஒரு தடவ காலால தள்ளிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். தள்ளிப் பாக்கல. கோர்ட்டுல ஒத்துக்கறதா இருக்கறன்.”

அவர் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.  ஜெயிலுக்குப் போவதைக்கூட வாடகைப் பாத்திரத்துக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறாரே!

அவருக்காகக் கூலி வாங்காமல் வாதாட வந்திருந்தது ஒரு சின்ன வயசு வக்கீல் பெண். வாசலில் என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினாள். நான் ஏட்டு சொன்ன சட்டத்தைக் கேட்டேன். “தூக்கிட்டு வந்தவங்களத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு சட்டம் இருக்குதாமே, அது இவருக்கு ஆவாதா?”

“அது ரோட்டுல அடிபட்டவங்களுக்கு ஒதவி பண்றவங்களுக்கும்மா. டிரஸ்ட்டுல சும்மா வேல செய்யறவங்களக் காப்பாத்தறதுக்குன்னு நம்ம நாட்டுல தனிச் சட்டம் இல்ல. சில வெளிநாட்டுல இருக்குது. இங்க டிரஸ்ட்டாப் பாத்து இன்சூரன்ஸ் எடுத்திருக்கலாம், இவருக்கு நாங்க பொறுப்புன்னு எழுதிக் குடுத்திருக்கலாம். ரெண்டும் பண்ணல.”

“அப்ப முன்பின் தெரியாதவன ரோட்டுல தூக்குனா சட்டம் காப்பாத்தும். வருஷம் பூரா சேவை செஞ்சா காப்பாத்தாதா?”

 அவளுக்கும் அது அவமானமாக இருந்தது போல. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ஒரு வழி இருக்குதும்மா. அடிபட்டது நீங்க. சமாதானமாப் போறன்னு நீங்க நேர்ல வந்து சொன்னா, கோர்ட்டு அனுமதி குடுத்தா, கேசு முடியும். ஆனா அதுக்கு முந்தி இவரு எழுந்து குத்தத்த ஒத்துக்கிட்டாருன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாரு.”

கோர்ட்டுக்கு முருகேசன்தான் கூட்டிப்போனான். அவனுக்கு இதில் சம்மதமில்லை. ஆனால் வாக்கரைத் தூக்கிக்கொண்டு படி ஏறியது அவன்தான்.

உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்வதற்குள் ஸ்டோர்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் எழுந்து, சட்டைப் பித்தானைச் சரிசெய்து, கையைக் கட்டினார். எனக்கு அந்த முகம் தெரியும். பிணவறை வாசலில் பார்த்த அதே முகம். வாயைத் திறந்தார்.

“அய்யா, இருங்க!”

நான் கத்தினது எனக்கே கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். மேலே உட்கார்ந்திருந்தது ஓர் அம்மா என்று அப்புறம்தான் பார்த்தேன்.

“ஒடைஞ்சது என் இடுப்புங்க அம்மா. நான் பேசாம அவரு எப்படிப் பேசறது?”

சிரித்தார்கள். காவலர் அதட்டினார். வக்கீல் பெண் ஓடிவந்து ஏதோ விளக்கினாள். நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. என்னை முன்னால் வரச்சொன்னார். நடந்து வரும் வரைக்கும் காத்திருந்தார்.

“சமாதானமாப் போகணும்னு யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?”

“என்னக் கட்டாயப்படுத்த இனிமேதாங்க ஒருத்தரு பொறக்கணும்.”

“அப்புறம் ஏன்?”

“இவரு என் இடுப்ப ஒடைக்கலைங்க. இவரு பேரு அங்க இருந்துச்சு, அவ்வளவுதான்.”

ஸ்டோர்காரர் வாய் திறக்கப் போனார். வக்கீல் பெண் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். கஞ்சி வரிசையில் முண்டியடிப்பவர்களைப் பார்க்கிற பார்வை. வாயை மூடிக்கொண்டார்.

குமாஸ்தா சமாதான மனுவையும் மை டப்பாவையும் என் பக்கம் நகர்த்தினார். நான் டப்பாவைத் திருப்பி அவரிடமே தள்ளினேன். “பேனா குடுங்க.” அப்பா சொன்னதை மீறி என் பெயரை எழுதினேன். நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் ஸ்டோர்காரரும் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து ஒரு சொடக்கில் முடிந்துவிட்டது. அத்தனை பழக்கம்.

கோர்ட்டு அனுமதி கொடுத்தது, கேசு முடிந்தது. எல்லாமே இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன்.

மறுவருஷம் மாங்காய்க் காலம். கேழ்வரகு மாவு கொடுக்க ஸ்டோர்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். தலைவர் கார் வந்து நின்றது. கையில் ஒரு கூடை மாம்பழம். என்னை அங்கே பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினார். பிறகு, “நல்லா நடக்கறீங்களேம்மா, சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு ஸ்டோர்காரர் பக்கம் திரும்பினார்.

“நடந்தது நடந்துபோச்சு. வக்கீலு அப்பிடி எழுதச் சொன்னாரு, வேற வழி இல்ல. இப்ப முகாமுக்குத் தேதி குடுத்துட்டாங்க. ஸ்டேஷன்ல ஒங்களத்தான் தெரியும்…”

அவர் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள். நான் மாவுப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“போட்டுக்கோங்க தலைவரே” என்றார் ஸ்டோர்காரர்.

யோசிக்கவே இல்லை.  அடுப்படி வாசலில் நின்றவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“ஒங்க பேரைப் போடறதுதானே தலைவரே?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். “என் பேர்ல கேசு வந்தா பட்டற நிக்கும்மா. அத நம்பி எத்தன குடும்பம் இருக்குது. நீங்களே சொல்லுங்க.”

“இன்சூரன்ஸாவது எடுங்க. எழுதியாவது குடுங்க.”

“கமிட்டியில பேசறன்” என்று கிளம்பினார். கார் போன பிறகு நான் ஸ்டோர்காரரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கோர்ட்டில் கத்தினதுகூட அவ்வளவு இல்லை. முழுதும் கேட்டுவிட்டு, அவர் ஒன்று கேட்டார்.

“அக்கா, வலது கண்ணு இப்ப நல்லாத் தெரியுதா?”

“தெரியாமயா ஒம் மூஞ்சியப் பாத்துத் திட்டறன்?”

“அந்த முகாமும் எம்பேர்லதான் நடந்துச்சு.”

மாவுப் பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வேறென்ன செய்ய? நான் பார்த்துக்கொண்டிருந்த வெளிச்சமே அவர் பேரில் வாங்கினதாக இருக்கும்போது, யாரைப் பார்த்து என்ன சொல்வது?

முகாம் நடந்தது. காலையில் நான் முதல் ஆளாகப் போனேன். டிரம்மில் மணல். அவர் ஒவ்வொரு டிரம்மாகக் காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டு போனார். அவர் பின்னாலேயே நானும் கைத்தடியால் குத்திப் பார்த்துக்கொண்டு போனேன். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து டாக்டர்கள் சிரித்தார்கள். கமிட்டியில் பேசினார்களா என்று கேட்டேன். பேசவில்லையாம்.

இப்போது அவர் மகள் வீட்டோடு கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார். அங்கேயும் எந்த வாசலிலாவது பேனாவைத் திறந்துகொண்டு நின்றிருப்பார்.

நான் எழுத்துக்கூட்டி எழுதிய இதைப் பிழை பார்த்துத் திருத்திக் கொடுத்தது அந்த வக்கீல் பெண்தான். எல்லாம் படித்துவிட்டு, “அவரு பேரு எங்கயுமே வரலையேம்மா. போன் போட்டு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போட்டுரலாமே, சந்தோஷப்படுவாரு” என்றாள்.

கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.